காசை யார் வைத்திருப்பது? பென்சன் மாற்றங்கள் சில இடங்களில் நிலைப்பதும் சில இடங்களில் கவிழ்வதும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். கீழ்மாடியில், புறக்கோட்டை இரும்புக்கடை ஒன்றில் 31 வருடம் கணக்கெழுதிய ஐயா ஒருவர். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். டீச்சருக்கு மாதாமாதம் பென்சன் வங்கிக்கு வந்துவிடுகிறது, தன்னுடைய பென்சனுக்கென்று சம்பளத்திலிருந்து அவர் ஒரு சதமும் கட்டியதில்லை. ஐயாவின் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதியமான ஈ.பி.எஃப்புக்கு 8 வீதம் கழிந்தது, முதலாளி 12 வீதம் போட்டார், 55 வயதில் தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கே படிவம் கொடுத்து முழுத்தொகையையும் ஒரே தடவையில் எடுத்தார். பாதி மகளின் கல்யாணத்தோடு போனது. மீதி பழைய கடனுக்கும் கண் ஒப்பரேஷனுக்கும் போய், கடைசியில் மிஞ்சியதை 2022இன் விலைவாசி தின்றுவிட்டது. இப்போது கனடாவில் இருக்கும் மகன் அனுப்புவதுதான் வருமானம்.

படிக்கட்டில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டேன், டீச்சர் மாதிரி மாதாமாதம் வருகிற திட்டம் ஒன்று அந்தக் காலத்திலேயே தனியார் துறைக்கு வந்திருந்தால் சேர்ந்திருப்பீங்களா ஐயா என்று. அவர் யோசிக்கவே இல்லை. "அந்தக் காசை ஆர் தம்பி வைச்சிருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்.

ஓய்வூதியச் சீர்திருத்தம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில்தான் தொடங்குவார்கள். ஆயுள் கூடிவிட்டது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், உழைக்கிறவர்களின் தோளில் பாரம் ஏறுகிறது. கணக்கு சரிதான், நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தொட்டவர்கள் 12.4 வீதம், தெற்காசியாவில் வேகமாக வயதேறும் நாடுகளில் நாம் முன்வரிசை. ஆனால் ஒரே அளவு மோசமான கணக்கை வைத்திருக்கிற இரண்டு நாடுகளில் ஒன்றில் சட்டம் நிறைவேறி முப்பது வருடம் நிற்கிறது, மற்றதில் அரசாங்கமே விழுகிறது. அதைவிட ஆச்சரியம், ஒரே நாட்டில், ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு வருட இடைவெளியில் இரண்டும் நடந்திருக்கிறது. அப்படியானால் முடிவைத் தீர்மானித்தது கணக்கு இல்லை.

அந்த நாடு இத்தாலி. 1994இல் பெர்லுஸ்கோனி அரசாங்கம் ஓய்வூதியத்தில் கைவைத்தது. தொழிற்சங்கங்களோடு உடன்பாடு இல்லை, வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து வெட்டு வந்தது. ஒக்டோபரில் பொது வேலைநிறுத்தம், நவம்பரில் ரோம் வீதிகளில் பத்து இலட்சம் பேர் அளவில் கூடினார்கள், கூட்டணியில் இருந்த வடக்கு லீக் விலகியது, டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்தவர் லம்பேர்த்தோ டினி. இவர் ஏதோ வேறு உலகத்து ஆள் இல்லை, விழுந்த அரசாங்கத்தின் திறைசேரி அமைச்சரே இவர்தான். 1995இல் அதே டினி, பெர்லுஸ்கோனி கொண்டுவந்ததைவிட ஆழமான மாற்றம் ஒன்றை நிறைவேற்றினார்: கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்சன் கணக்கிடுகிற முறையிலிருந்து, வாழ்நாள் முழுக்கக் கட்டிய பங்களிப்பை வைத்துக் கணக்கிடுகிற முறைக்கு நாடே மாறியது.

என்ன வித்தியாசம்? டினி மூன்று பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு உட்கார்ந்து, வரைவையே அவர்களோடு சேர்ந்து எழுதினார். அப்புறம் சங்கங்கள் அதை அப்படியே தொழிலாளர் முன்னால் வாக்கெடுப்புக்கு வைத்தன. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் இலட்சக்கணக்கானோர் வாக்களித்ததில் 64 வீதம் அளவில் ஆம் என்றார்கள். எல்லாரும் சந்தோஷமாக ஆம் சொல்லவில்லை, உலோகத் தொழிலாளரிடையே எதிர்ப்புப் பலமாகவே இருந்தது. ஆனால் வாக்குப் போட்டுத் தோற்றவன் மறுநாள் ரயிலை நிறுத்தக் கிளம்புவது கடினம். தன் குரல் எண்ணப்பட்டது என்று அவனுக்குத் தெரியும்.

இதிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மையில்லை. 1995 முடிவில் 18 வருடப் பங்களிப்பு முடித்தவர்களைப் பழைய முறையிலேயே விட்டுவிட்டார்கள். அன்றைய தொழிற்சங்கத்தின் முதுகெலும்பே அந்த வயதுக்காரர்கள்தான். விலையைக் கொடுத்தது இளையவர்களும், இன்னும் வேலைக்கே வராதவர்களும். மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை. பாதிப் பேச்சுவார்த்தை, பாதி ஒத்திவைப்பு என்றுதான் நான் அதைச் சொல்வேன், ஏனென்றால் ஒத்திவைத்த பாரம் 2011 கடன் நெருக்கடியில் திரும்பி வந்தது. மொன்டி அரசாங்கத்தின் தொழில் அமைச்சர் எல்சா ஃபோர்னெரோ, செய்தியாளர் முன்னால் தியாகம் என்ற சொல்லைச் சொல்லப்போய்க் கண்ணீரில் நின்றுபோனார். அன்று நெருக்கடி அவ்வளவு கிட்ட இருந்ததால் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது, சங்கங்கள் சில மணிநேர வேலைநிறுத்தத்தோடு அடங்கின. ஆனால் பழைய வயதெல்லையை நம்பி முன்கூட்டியே வேலையை விட ஒப்புக்கொண்டிருந்த பெருந்தொகையானோர் சம்பளமும் இல்லாமல் பென்சனும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 2018 தேர்தலில் லீக் கட்சி அந்தச் சட்டத்தை உடைப்போம் என்று பிரசாரம் செய்து ஆட்சிக்கு வந்து, 2019இல் 62 வயதும் 38 வருடப் பங்களிப்பும் இருந்தால் போகலாம் என்று கதவைத் திறந்தது.

பிரான்ஸிலும் இப்படி ஒரு சோடி உண்டு. 1993 கோடையில் பலதூர் அரசாங்கம் தனியார் துறைப் பென்சனைக் கணிசமாக வெட்டியது: முழுப் பென்சனுக்கு 37.5 வருடம் என்றிருந்ததை 40 ஆக்கியது, சிறந்த 10 வருடச் சம்பளத்துக்குப் பதில் சிறந்த 25 வருடம் என்றது. பெரிய சத்தமே எழவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிரதமர் ஜூப்பே, அரச ஊழியருக்கும் ரயில்வே போன்ற நிறுவனங்களின் சிறப்புத் திட்டங்களுக்கும் அதையே நீட்டப் பார்த்தார், 1995 நவம்பரில் ஒருநாள் பாராளுமன்றத்தில் எழுந்து முழுத் திட்டத்தையும் அறிவித்தார், யாரோடும் பேசவில்லை. மூன்று வாரம் நாடு நின்றது. பின்வாங்கினார். சங்கத்தின் பலம் தனியார் துறையில் இல்லை, ரயிலிலும் மின்சாரத்திலும்தான் இருந்தது என்பது ஒரு காரணம். மற்றது, 1993இல் வெட்டோடு சேர்த்து, பங்களிப்புச் செய்யாதவர்களுக்கான உதவியை வரிப்பணத்திலிருந்து கொடுக்கும் தனி நிதியம் ஒன்றையும் உருவாக்கினார்கள். பென்சன் நிதியை நிர்வகிப்பதில் பங்கெடுக்கும் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டது அது. கொடுத்து வாங்கினார்கள். 2023இல் மக்ரோன் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்க, பாராளுமன்ற வாக்கெடுப்பைத் தாண்டிப் போகும், அரசியலமைப்பின் 49.3ஆம் பிரிவைப் பாவித்தார், நம்பிக்கையில்லாப் பிரேரணையில் அவருடைய அரசாங்கம் 9 வாக்கில் தப்பியது. சட்டம் வந்தது. 2025 ஒக்டோபரில் அவருடைய பிரதமரே அதை அடுத்த ஜனாதிபதித் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைக்கிறோம் என்று சொல்லவேண்டி வந்தது.

சுவீடனை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், அங்கே மக்கள் நல்லவர்கள், நம்பிக்கை அதிகம் என்று முடித்துவிடுவார்கள். அது சோம்பேறி விளக்கம். சுவீடன் செய்தது ஒரு அரசியல் ஏற்பாடு. 1991இல் பாராளுமன்றக் கட்சிகளின் பிரதிநிதிகளை வைத்து ஒரு குழு அமைத்தார்கள். 1994இல் ஐந்து கட்சிகள், ஆளும் வலதுசாரிக் கூட்டணியின் நான்கும் எதிரணியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சியும், கொள்கை அளவில் ஒப்புக்கொண்டன. அதே வருடம் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. ஒப்பந்தம் மாறவில்லை. 1998இல் சட்டமானது. 1937 வரை பிறந்தவர்கள் முழுக்கப் பழைய முறை, 1938இலிருந்து 1953 வரை பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியது கூடும் கலவை, 1954இலிருந்து முழுக்கப் புதியது. ஒருவர் மற்றவரைவிட ஒரு வருடம் பிந்திப் பிறந்ததால் மட்டும் கிணற்றில் விழவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு செம்மஞ்சள் உறை வீட்டுக்கு வரும், உன் கணக்கில் இவ்வளவு இருக்கிறது, இந்த வயதில் இவ்வளவு கிடைக்கலாம் என்று. 2010இல், நிதி பற்றாமல் போனால் பென்சன் உயர்வைத் தானாகவே குறைக்கும் தன்னியக்கத் தடை இறுகிப் பென்சன் உண்மையாகவே குறைந்தபோது அரசியல்வாதிகள் ஓய்வூதியர் வரியைக் குறைத்து வலியைத் தணித்தார்களே தவிர, முறையை உடைக்கவில்லை. உடைப்பேன் என்று சொல்லி வாக்குக் கேட்க ஒரு பெரிய கட்சிகூட வெளியே மிச்சமில்லை, எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள். தொழிற்சங்கங்களை அந்தக் குழுவில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இத்தாலியில் சங்கம் செய்த வேலையை சுவீடனில் கட்சிகள் செய்தன. யார் உட்கார வேண்டும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. நாளைக்கு அதை உடைக்கக்கூடிய பலம் யாரிடம் இருக்கிறதோ அவர் உள்ளே இருக்க வேண்டும்.

சரி, மேசையே போடாமல் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நம் பக்கத்து நாடுகள் அதைத்தான் அதிகம் பிடித்தன. இன்னும் வேலைக்கு வராதவனின் பென்சனை வெட்டுவது. அவன் யாரென்றே அவனுக்குத் தெரியாது, ஊர்வலம் போகமாட்டான். இந்தியாவில் 2004 ஜனவரி 1இலிருந்து மத்திய அரசில் சேர்கிறவர்களுக்கு, படையினரைத் தவிர, பழைய உத்தரவாதப் பென்சன் இல்லை, ஊழியரும் மாதாமாதம் கட்டுகிற பங்களிப்புத் திட்டம்தான் என்றார்கள். அந்த வருடமே ஆட்சி மாறியும் திட்டம் தொடர்ந்தது. தமிழ்நாடு இன்னும் முந்தி, 2003 ஏப்ரல் 1இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதே காலத்தில் அங்கே வேலையில் இருந்தவர்களின் சலுகைகளும் வெட்டப்பட்டன, ஓய்வூதியப் பலன்கள் உட்பட, ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது, ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தது. அடுத்த வருட மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39 தொகுதியில் ஒன்றுகூட வெல்லவில்லை, சலுகைகள் பல திரும்பி வந்தன. அதற்குப் பென்சன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாநிலத்தில் ஒரே காலத்தில், வராதவர்களின் பென்சன் அமைதியாகப் போனது, இருந்தவர்களின் பலனில் கைவைத்தது வீதிக்கு வந்தது, இதுதான் கவனிக்க வேண்டியது.

ஆனால் வராதவர் வந்துவிடுவார். அங்கேதான் இந்த வழி சிக்குகிறது. 2004இல் சேர்ந்தவர் 2022இல் 18 வருட அனுபவமுள்ள ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர், சங்கத்தில் பொறுப்பிலும் இருப்பார். தமிழ்நாட்டில் ஆசிரியர், அரச ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019இல் பழைய ஓய்வூதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. ராஜஸ்தானும் சத்தீஸ்கரும் பழைய முறைக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்தன, 2022 டிசம்பரில் ஹிமாச்சலில் அதை வாக்குறுதியாக வைத்த காங்கிரஸ் வென்றது. கடைசியில் மத்திய அரசே 2025 ஏப்ரலிலிருந்து, 25 வருட சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உத்தரவாதம் என்று ஒரு புதிய தெரிவைக் கொண்டுவந்தது. இருபது வருடம் நின்றதால் முதலில் வெற்றி மாதிரித்தான் தெரிந்தது. அது கடன் வாங்கிய அமைதி.

நாம் இருபது வருடம்கூடப் பொறுக்கவில்லை. 2016 தொடக்கத்திலிருந்து அரச சேவையில் சேர்கிறவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நியமனக் கடிதங்களில், ஓய்வூதியம் தொடர்பாக அரசாங்கம் பின்னர் எடுக்கும் கொள்கைத் தீர்மானத்துக்கு நீங்கள் உட்பட வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம். அந்தத் தீர்மானம் என்ன, எத்தனை வீதம் கழிப்பார்கள், எந்த நிதியத்தில் போடுவார்கள், ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான ஆசிரியரும் பட்டதாரிப் பயிலுநரும் அந்த ஒரு வரியோடு வேலை செய்தார்கள். பின்னால் வந்த அரசாங்கம் பழைய உரிமையையே திருப்பிக் கொடுத்தது, கொடுத்ததைத் தன் சாதனையாகவும் சொல்லிக்கொண்டது. சுவீடனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: இங்கே உடைக்கிறவருக்கு இலாபம் இருந்தது.

சரி, தனியார் துறைக்கு வருவோம், ஐயாவின் கேள்விக்கு. ஐரோப்பாவோடு நம்மை ஒப்பிடுவதில் ஒரு எல்லை உண்டு. நம் ஈ.பி.எஃப் 1958 சட்டம், அதே பிரித்தானியக் காலனி மரபில் மலேசியாவின் நிதியம் 1951, சிங்கப்பூரின் நிதியம் 1955. மூன்றும் ஒரே குடும்பம்: சம்பளத்தில் கழித்து, வட்டி சேர்த்து, 55 வயதில் மொத்தமாகக் கொடுப்பது. மூன்றுக்கும் ஒரே வியாதி, ஆயுள் நீண்டுவிட்டது, மொத்தக் காசு சில வருடத்தில் கரைந்துவிடுகிறது. மூன்று நாடுகளும் அதே கதவைத் தட்டிப் பார்த்தன.

சிங்கப்பூரில் 1984இல் சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, காசு எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கும் பிறகு 65க்கும் தள்ளலாம் என்று சொன்னது. எதிர்க்கட்சிக்கு அநேகமாக இடமே இல்லாத அந்த நாட்டில்கூட மக்கள் கொதித்தார்கள். என் காசு, 55இல் தருவதாகச் சொன்னாய். அந்த வருடக் கடைசியில் தேர்தல், ஆளும் கட்சியின் வாக்கு 77.7 வீதத்திலிருந்து 64.8க்கு விழுந்தது, இரண்டு தொகுதிகள் கைவிட்டுப் போயின. காரணங்கள் பல, ஆனால் ஓய்வு நிதி அதில் பெரியது. அரசு பின்வாங்கியது. பின்வாங்கிவிட்டு என்ன செய்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. 1987இல், 55 வயது அப்படியே இருக்கட்டும், உன் காசு 55இல் கிடைக்கும், ஆனால் 30,000 டொலரை மட்டும் உள்ளே விட்டுவை, அதை 60இலிருந்து மாதாமாதம் தருகிறோம், வீடு இருந்தால் அதை அடமானமாகக் காட்டலாம் என்றார்கள். அந்தத் தொகை வருடாவருடம் ஏறியது. 2009இல் சாகும்வரை மாதாமாதம் தருகிற திட்டம் அதன் மேல் கட்டப்பட்டது. 1984இல் ஒரே அடியில் கேட்டு மறுக்கப்பட்டதன் பெரும்பகுதியை, கால் நூற்றாண்டில் படிப்படியாக வாங்கிவிட்டார்கள். முணுமுணுப்பு இன்றும் இருக்கிறது, ஆனால் திட்டம் நிற்கிறது.

மலேசியாவில் 2015இல் வயதை 60 ஆக்குவது பற்றி நிதியம் தன் அங்கத்தவரிடம் நேரடியாகவே கருத்துக் கேட்டது. வேண்டாம் என்றார்கள். சரி என்று 55ஐ விட்டுவிட்டு, 2017இலிருந்து 55க்குப் பிறகு வேலை செய்து சேர்கிற புதுக் காசை மட்டும் தனிக் கணக்கில் போட்டு 60 வரை பூட்டினார்கள். ஏற்கெனவே சேர்ந்ததைத் தொடவில்லை. மலேசியாவில் எல்லாம் சரியென்று சொல்லவரவில்லை, கொவிட் காலத்தில் அரசாங்கமே கதவைத் திறந்துவிட, 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போய்ப் பலருடைய கணக்கில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது, ஆனால் வயது விவகாரத்தில் அவர்கள் கேட்ட விதம் சரி.

இப்போது நம் 2011ஐ இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கம் தனியார் துறைக்கு ஓய்வூதியம் என்று சட்டமூலம் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான், எங்கள் ஐயாவைப் போன்றவர்களுக்காகத்தான். ஊழியரிடமிருந்து மேலதிகமாக 2 வீதம் கழியும், பென்சன் 60 வயதில் தொடங்கும், அதற்குக் குறைந்தது 10 வருடம் கட்டியிருக்க வேண்டும். இதைக் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தையல் மெஷின் முன்னால் இருக்கும் பெண்ணின் கண்ணால் பாருங்கள். கிராமத்திலிருந்து இருபது வயதில் வருகிறாள், ஐந்தாறு வருடம் வேலை செய்கிறாள், கல்யாணம் கட்டி ஊருக்குப் போகிறாள். ஈ.பி.எஃப் சட்டத்திலேயே கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் காசை எடுக்கலாம் என்று இடம் இருக்கிறது, அந்தக் காசுதான் அவளுடைய சீதனம், அவளுடைய வீட்டுச் சுவர். அவளிடம் போய், இன்னும் 2 வீதம் தா, 10 வருடம் இருந்தால்தான் பென்சன் என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? தான் கட்டுவேன், வேறு யாரோ எடுப்பார்கள் என்றுதான் விளங்கும். அப்படி விளங்கிக்கொண்டது பிழையும் இல்லை. வரைவை எழுதிய அறையில் அவளுடைய ஐந்தாறு வருட வாழ்க்கையைத் தெரிந்த ஒருவராவது இருந்திருந்தால் அந்த 10 வருடம் முதல்நாளே அடிபட்டிருக்கும்.

மே 30 தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள், பொலிஸ் சுட்டது, ரொஷான் சானக என்ற இளம் தொழிலாளி ஜூன் 1 இறந்துபோனார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். சட்டமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள். சிங்கப்பூர் பின்வாங்கிவிட்டு மூன்று வருடத்தில் சின்னதாகத் திரும்பி வந்தது. நாம் பின்வாங்கினோம், அப்படியே விட்டுவிட்டோம், அந்தப் பையனின் உயிர் போனதுதான் மிச்சம். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஈ.பி.எஃப்பில் நடந்தது வேறு கதை. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கிகள் மூடியிருந்த நீண்ட விடுமுறைக்குள், ஜூலை 1 சனிக்கிழமை, பாராளுமன்றம் 122க்கு 62 என்று ஏற்றுக்கொண்டது. ஓய்வு நிதியங்கள் தங்கள் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து வாங்கிய பத்திரங்களை, நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டும், வட்டி முதலில் 12 வீதம் பிறகு 9 வீதம், மாற்றாவிட்டால் வருமான வரி 14 வீதத்துக்குப் பதில் 30 வீதம். வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை, வங்கிகள் ஏற்கெனவே நெருக்கடியைத் தாங்குகின்றன, வரியும் கட்டுகின்றன என்றார்கள். எதிர்ப்பு வந்தது, நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், ஆனால் கட்டுநாயக்க 2011 மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை? 2011இல் கழிக்கப்போவது அடுத்த மாதச் சம்பளச் சிட்டையில் ஒரு வரியாகத் தெரியும். 2023இல் குறையப்போவது இருபது வருடத்துக்குப் பிறகு வரவேண்டிய வட்டி. கணக்கிலுள்ள தொகை அப்படியே இருக்கும், 9 வீத வட்டிக்கு உத்தரவாதம் என்றும் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு அரசியலில் சுலபமாகப் போகும், எல்லா நாட்டு ஆராய்ச்சியாளரும் சொல்வது இது. எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் மனதில் ஆறாத நேரம், வேறு வழியில்லை என்ற பேச்சு எடுபட்டது. அரசியல் வெற்றி என்று பார்த்தால் வெற்றிதான். ஆனால் அதன் விலை இப்போதுதான் தெரிகிறது: எந்த அமைச்சர் இனி வந்து உங்கள் காசை எங்களிடம் தாருங்கள், 60இலிருந்து மாதாமாதம் தருகிறோம் என்றாலும், கேட்கிறவர் மனதில் முதலில் வருவது 2023தான். ஐயா கேட்டதும் அதைத்தான். நிதியத்தைக் கையாளும் மத்திய வங்கியும், அதனிடம் கடன் வாங்கும் அரசாங்கமும், விதியை எழுதும் பாராளுமன்றமும் அவர் கண்ணுக்கு ஒரே ஆள்.

நம்பிக்கையைக் கெடுக்க வெட்டுக்கூடத் தேவையில்லை, அடிக்கடி மாற்றினாலே போதும். அரச சேவையின் ஓய்வு வயதை 2022 தொடக்கத்தில் 65 ஆக்கினார்கள், அதே வருடக் கடைசியில் 60க்குக் கொண்டுவந்தார்கள், 61, 62 வயதில் இருந்தவர்கள் எல்லாம் டிசம்பர் 31இல் ஒன்றாகக் கோப்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா 65ஐ 67 ஆக்கும் சட்டத்தை 1983இல் போட்டது, 1937 வரை பிறந்த ஒருவரையும் அது தொடவில்லை, முழு 67 வருவது 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான். கோபம் வர வழியில்லாத அளவுக்குத் தூரம். பிரித்தானியாவும் 1995இல் பெண்களின் வயதை 60இலிருந்து 65 ஆக்க நீண்ட அவகாசம் வைத்தது, ஆனால் உரியவர்களுக்கு ஒழுங்காகக் கடிதம் போடவில்லை, 2011இல் வேகத்தையும் கூட்டியது, 1950களில் பிறந்த பெண்கள் இன்றுவரை நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவகாசம் சட்டப் புத்தகத்துக்குள் இருந்து பிரயோசனமில்லை.

இலங்கையில் இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 2011இல் முன்னால் நின்ற தொழிற்சங்கங்களில் ஜே.வி.பி. சார்பானவையும் உண்டு, 2024இலிருந்து அந்தப் பக்கம்தான் ஆட்சியில் இருக்கிறது. இத்தாலியில் டினிக்குக் கிடைத்தது போல, எதிர்க்கக்கூடியவரோடு சேர்ந்து எழுதுகிற வசதி. ஆனால் ஆளும் தரப்பும் அதன் சங்கங்களும் மட்டும் உட்கார்ந்தால் அடுத்த தேர்தலில் உடைக்கிறவருக்கு வேலை சுலபம், எதிர்க்கட்சியும் கையெழுத்துப் போட வேண்டும், மலையகத் தோட்டச் சங்கங்களும் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலாளி கட்டாமல் விட்ட ஈ.பி.எஃப் நிலுவை என்றால் என்ன என்பதை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த நாட்டில் இல்லை. இருக்கிற 8உம் 12உம் சேர்ந்த 20 வீதத்தையும் 55இல் கிடைக்கும் மொத்தக் காசையும் தொடாமல், 55க்குப் பிறகும் வேலை செய்கிறவரின் புதுப் பங்களிப்பில் தொடங்கலாம். 2021 சட்டத்தால் தனியார் துறையின் ஓய்வு வயது 60 ஆகிவிட்டது, ஆகவே அந்த ஐந்து வருடம் இப்போது கையில் இருக்கிறது. நிதியத்தின் சபையில் அங்கத்தவர் தெரிந்தெடுத்த ஆட்கள் இருக்க வேண்டும், முறிகளை மாற்றுவதற்கு அவர்களுடைய சம்மதம் தேவை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இதை ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். சபையில் ஆட்கள் என்ற இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, தையல் மெஷினில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்தக் காசு என்ன ஆகும் என்று கேட்டார், தன் தங்கச்சியின் மகள் ஒருத்தி கட்டுநாயக்கவில் இருக்கிறாளாம். ஏழு வருடத்துக்குரியது வட்டியோடு அவளுடைய கையில் வரவேண்டும் என்றேன். "அப்ப அதை முதலாவது பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கோ" என்றார்.